ஆட்டுத்தலை யாருக்கு?

சமையல்கார சார்ஜெண்ட் குவான்டிக் சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் கரண்டியோடு நின்று, உள்ளே வருகிறவர்களின் தோளையும் சட்டைக் கையையும் மாறி மாறிப் பார்க்கிறார். இறைச்சியில் அவரவர் பதவிக்கேற்ற துண்டைத்தான் வைக்க வேண்டும்; சட்டைக் கையைப் பார்க்காமல் பரிமாறி ஒருமுறை பட்டுவிட்டார். கடற்படைக்காரர்களுக்குப் பதவிக் கோடு சட்டைக் கையில் இருக்கும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. வெறும் தோளைப் பார்த்து, பெரிய அதிகாரி ஒருவருக்கு விலா எலும்பை வைத்துவிட்டார். போயிற்று சார்ஜெண்ட் பட்டை. திரும்பி வந்த பட்டை வாய்க்கொழுப்பினால் இன்னொரு முறையும் போய் வந்தது. அதிலிருந்து பயம் வந்தால் அவர் கை தானாக இடது தோளுக்குப் போய்விடும்.

காஸ்பியன் கரையில் உள்ள இந்த முகாமில் வசந்தப் பயிற்சிக்கு முப்படையும் வந்து இறங்கினால் அவருக்குக் கொண்டாட்டமும் திண்டாட்டமும்தான். டாங்கிக்காரர்களில் அதிகாரியும் சிப்பாயும் ஒரே கரி முகத்தோடு வந்து ஒரே அண்டாவிலிருந்து அள்ளிக்கொள்வார்கள். ஆனால் கர்னல் எழுந்தால் வாயில் இருக்கும் கவளத்தோடு அத்தனை பேரும் எழுந்தாக வேண்டும். "மெல்லவாச்சும் விடுங்கய்யா" என்று குவான்டிக் முணுமுணுப்பார். கடற்படை வேறு ரகம். சமையல்காரர் நீட்டும் கிண்ணத்தை அதிகாரி ருசி பார்த்து "குடு" என்று சொல்லும்வரை ஒருவனும் கரண்டியைத் தொடமாட்டான். "ஏன், நான் என்ன விஷமா வெச்சிருக்கேன்?" என்பது அதற்கு இவர் தினமும் பாடும் பாட்டு. விமானிகளோ மெக்கானிக் வராமல் உட்காரவே மாட்டார்கள். "அவர் முடுக்கின திருகை நம்பித்தானே அண்ணே மேல போறோம்" என்று ஒரு மேஜர் சொன்னார். அன்றிலிருந்து அந்த மேசைக்குக் கொழுப்புத் துண்டு கொஞ்சம் அதிகம்.

இந்த ஆண்டு பயிற்சி முடிந்த விருந்தில்தான் வம்பு. ஊர் வழக்கப்படி அவித்த ஆட்டுத்தலை கூடத்திலேயே மதிப்பு மிக்கவருக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் டாங்கிப் படையின் கர்னல் எர்மெக், எதிரே கடற்படை அதிகாரி தால்காட். பதவி சமம், வயதும் சமம், கோபம் மட்டும் கர்னலுக்குக் கூடுதல். மூன்றாவது முறையும் பட்டை போனால் புல்வெளிக் காவல்சாவடிக்கு மாற்றல் நிச்சயம். மனைவி ரய்கான் காலையிலேயே சொல்லிவிட்டாள்: "போன தடவை உங்ககூட வந்து மண்ணு தின்னது போதும். இந்தத் தடவை நீங்க மட்டும் போங்க." அவள் இல்லாமல் ஒரு வாரம்கூட அவரால் இருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

தாம்பாளத்தோடு உள்ளே போனார். இரண்டு அதிகாரிகளும் எதுவும் தெரியாதவர்கள்போலக் கூரையைப் பார்த்தார்கள். குவான்டிக்கின் கண் விமானிகள் மேசைக்குப் போனது. அங்கே மேஜருக்குப் பக்கத்தில் மெக்கானிக் அமான்தாய் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, எண்ணெய் போகாத நகங்கள், தோளில் வெறும் சார்ஜெண்ட் பட்டை. அந்தக் கூடத்தில் அவரைவிட வயதில் மூத்தவர் யாருமில்லை. குவான்டிக் ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்து, மூக்கு அவரைப் பார்க்கும்படி திருப்பிவிட்டார்.

"டேய், உனக்கென்ன பைத்தியமா?" என்றார் அமான்தாய், உதடு அசையாமல்.

"அறுங்கண்ணே. வெச்சாச்சு."

கர்னலின் கழுத்து சிவந்தது. குவான்டிக் வாசலுக்குத் திரும்பி, இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தலையைப் பெற்றவர் அறுத்துப் பங்கு வைக்க வேண்டும். அமான்தாய் இரண்டு கன்னத்தையும் அறுத்து ஒரே தட்டில் வைத்து, இரு அதிகாரிகளுக்கும் நடுவே கொண்டுபோய் நீட்டினார். கர்னல் தட்டைப் பார்த்தார். பிறகு எதிரே பார்த்தார்.

"கடல்காரனுக்குத் தலை போகல இல்ல?"

"நானும் அதைத்தான்யா பாத்துக்கிட்டிருந்தேன். உனக்கும் போகல" என்றார் தால்காட்.

"அப்ப சரி" என்ற கர்னல், பெரியவர் கையால் வாங்குகிற துண்டுக்காக எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். கர்னல் எழுந்ததும் டாங்கிப் படை முழுவதும் வாயில் கவளத்தோடு தடதடவென்று எழுந்து நின்றது.

குவான்டிக் தோளிலிருந்து கையை எடுத்து, சூப்புக் கரண்டியைப் பிடித்தார்.