கண்ணாடிக்குள் பதினோரு கிளிப்புகள்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் தெரியாது. கிளிப்பக்கா என்றால்தான் தெரியும். ஒரு துணிக்கடையின் விளம்பரப் படங்களுக்கு உடுப்பு சரிசெய்து விடுவது அவள் வேலை. மாதம் தவறாமல் ஆறு புது உடுப்புகள் வரும். எல்லாம் மாதிரிக்கென்று ஒரே அளவில், அதுவும் பெரிய அளவில் தைத்தவை. அவற்றைப் போட்டுக்கொள்ளும் மாடல் பெண்ணோ ஊதினால் சாய்ந்துவிடுவாள் போலிருப்பாள். ஆனால் படத்தில் பார்த்தால் அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்க வேண்டும். எனவே கிளிப்பக்கா அவளுக்குப் பின்னால் போய், தொளதொளவென்று தொங்கும் துணியைக் கொத்தாகப் பிடித்துக் கழுத்திலிருந்து இடுப்புவரை வரிசையாக இரும்புக் கிளிப் மாட்டிவிடுவாள். முன்னால் பார்த்தால் மகாராணி, பின்னால் பார்த்தால் துணி காயப்போட்ட கொடி. ஒன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு.

இந்தப் பிழைப்பின் லட்சணத்தை வீட்டிலேயே ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணிதான். கிளிப்பக்கா வேலை பார்க்கும் துணிக்கடையில் ஆசைப்பட்டு ஒரு கவுன் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். படத்தில் இருந்த மாதிரி உட்காரவே இல்லை.

"கவுனோட சேத்து உன்னையும் விக்கச் சொல்லு. நீ பின்னாலேயே வந்து பிடிச்சிக்கிட்டு நடந்தாத்தான் எனக்கு இது சரியா இருக்கும்" என்றாள் அண்ணி. வீடே சிரித்தது. கிளிப்பக்காவும் சிரித்தாள், ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த வாரம்தான் கடையின் முதலாளியம்மா போன மாதத்துப் படங்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு அலுத்துக்கொண்டார். "எப்பப் பாத்தாலும் வெள்ளைச் சுவரு, இடுப்புல கை. எனக்கே கொட்டாவி வருது. வாங்க வர்றவங்களுக்கு எப்படி இருக்கும்?"

கிளிப்பக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகம் அல்ல. ஆனால் முதலாளியம்மா முன்னால் அதுவரை சும்மாதான் இருந்திருக்கிறாள். அன்றைக்கு என்னவோ தைரியம் வந்துவிட்டது.

"பொம்பளைங்க வேலைக்குக் கிளம்பற நேரத்த எடுக்கலாம்மா. செருப்பு போட்டாச்சு, பைய மாட்டியாச்சு. வாசல் தாண்டறதுக்கு முன்னால கண்ணாடியில கடைசியா ஒரு தடவ பாத்துப்போம் இல்ல, அந்த அரை நிமிஷம். ஆறு உடுப்புக்கும் அதே வாசல், அதே கண்ணாடி."

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, நீயே திட்டம் போடு. என் சித்தி வீடு இந்த மாசம் பூராவும் காலியாத்தான் கெடக்கு, அங்க எடுத்துக்கோ. ஆறு உடுப்பு, ஒரு காலைப்பொழுது. நல்லா வந்துச்சுன்னா இனிமே படமெடுக்கிற பொறுப்பு மொத்தமும் உன்னுது. வரலேன்னா பழையபடி கிளிப்பப் பிடி."

கிளிப்பக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வருஷமாக எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு முன்னால் வந்து நிற்க ஒரு வாய்ப்பு. அவள் அதை எவ்வளவு விரும்பினாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வீட்டில் ஒத்திகை நடந்தது. அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அண்ணியை நிறுத்தி வைத்தாள். கணவர் கையில் கைபேசியைக் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னாள்.

"நம்ம வீட்டுல கிளம்பற நேரம்னா சாவியத் தேடற நேரம்தான்" என்றார் அவர். நக்கலாகச் சொன்னதை அவள் நோட்டில் குறித்துக்கொண்டுவிட்டாள்: ஒரு படத்தில் பைக்குள் சாவி தேடுவது. அண்ணி தன் சொந்தச் சட்டைகளில் நின்றாள், திரும்பினாள், குனிந்தாள். கண்ணாடிக்கு முன்னாலும் அழகு, கண்ணாடிக்குள்ளும் அழகு. எந்தக் குறையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அண்ணி போட்டிருந்தது அண்ணியின் அளவுச் சட்டை.

சித்தி வீட்டின் வாசல் கிழக்கு பார்த்தது. எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை வெயில் நேராக உள்ளே வந்து தரையில் விழும். வாசலையொட்டி, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று. இதையெல்லாம் அவள் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுத்தான் நாள் குறித்தாள். அன்று ஏழரைக்கே வந்து தரையைத் துடைத்து, உடுப்புகளைத் தேய்த்து வரிசையாக மாட்டி வைத்துவிட்டாள்.

புகைப்படக்காரர் எட்டு அடிக்கும்போது வந்தார். ஒவ்வொரு படம் எடுத்ததும் "இன்னொண்ணு" என்று சொல்கிற மனிதர் அவர். அதற்குமேல் வார்த்தை செலவழித்தால் வாய் தேய்ந்துவிடும் என்ற நினைப்பு. மாடல் பெண் தானே முகத்துக்குப் பூசிக்கொண்டு வந்து நின்றாள். கிளிப்பக்கா வழக்கம்போல அவள் முதுகில் கிளிப்புகளை மாட்டிவிட்டு, இந்தத் தடவை கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். நீலக் கவுன் முடிந்தது. மஞ்சள் சட்டை முடிந்தது. சாம்பல் நிறக் கோட்டும் முடிந்தது. இன்னொண்ணு, இன்னொண்ணு என்று வேலை மடமடவென்று நடந்தது.

எட்டு நாற்பதுக்குக் கேமராவின் சின்னத் திரையில் எடுத்தவற்றை ஓட்டிப் பார்த்தாள். ஐந்தாவது படத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. முன்னால் மாடல் பெண் கண்ணாடியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துச் சிரிக்கிறாள். பின்னால் கண்ணாடிக்குள் அவள் முதுகு. அதில் வரிசையாகக் கிளிப்புகள். எண்ணினாள், பதினொன்று. அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்த படத்திலும். திரும்பிப் போய்ப் பார்த்த முதல் நாலு படங்களிலும்.

மூன்று பேர் நாற்பது நிமிஷமாக அதே கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. தினம் பார்க்கிறவர்களுக்குக் கிளிப்பும் துணியில் ஒரு பாகமாக ஆகிவிட்டிருந்தது. வெளியாள் ஒருவர் உள்ளே வந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

திரையைப் புகைப்படக்காரர் பக்கம் திருப்பினாள். "கிளிப்ப மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாமா?" என்று கேட்டாள்.

"அழிச்சா முதுகையும் சேத்துத்தான் அழிக்கணும்" என்றார் புகைப்படக்காரர். பிறகு, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் நீளமாகவே பேசினார். "கண்ணாடியத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சிடுவோம்மா. பொண்ணச் செவுத்துல சாய்ச்சு நிறுத்தி ஆறும் எடுத்துடலாம். பத்து மணிக்கு முதலாளியம்மா வந்து பாக்கறப்ப ஆறும் இருக்கும். யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல."

நியாயமான பேச்சுதான். ஆறு படமும் கிடைக்கும், மானமும் போகாது. ஆனால் கண்ணாடி போனால் அவள் யோசனையும் போயிற்று. மறுபடியும் சுவர், மறுபடியும் இடுப்பில் கை, மறுபடியும் அவள் பின்பக்கம். கிளிப்பக்கா தரையில் கிடந்த வெயிலைப் பார்த்தாள். அது ஏற்கனவே ஒரு சாண் நகர்ந்திருந்தது.

"கண்ணாடி இருக்கட்டும்" என்றாள். "கிளிப்பு வேணாம். தைச்சிடறேன்."

"ஆறையுமா?"

"முடிஞ்ச மட்டும்."

பையிலிருந்து ஊசி நூலை எடுத்தாள். ஓட்டுத் தையல்தான், உள்பக்கமாக நீள நீளமாக ஓட்டிவிட்டால் பிறகு ஒரே இழுப்பில் பிரித்துவிடலாம், துணிக்குச் சேதம் இல்லை. நீலக் கவுனைப் புரட்டிப் போட்டு மாடல் பெண்ணின் உடம்பு அளவுக்கு இருபக்கமும் ஓட்டினாள். அவசரத்தில் விரலில் இரண்டு முறை குத்திக்கொண்டாள். பதினைந்து நிமிஷம் பிடித்தது. புகைப்படக்காரர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் போல வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மாடல் பெண் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வந்தாள். இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னாச்சும்மா, இறுக்கிப் பிடிக்குதா?"

"இல்லக்கா. நாலு வருஷமா நான் திரும்பினதே இல்ல. திரும்பினா கிளிப்பு தெறிச்சிடும்னு மூச்சப் பிடிச்சிக்கிட்டே நின்னிருக்கேன்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அதுவரை எந்தப் படத்திலும் வந்ததில்லை.

அதற்கப்புறம் யாரும் அவளுக்கு நிற்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். கதவு வரைக்கும் போய், எதையோ மறந்தவள் போலத் திரும்பி வந்தாள். பைக்குள் முழங்கைவரை விட்டுச் சாவியைத் தேடினாள். கண்ணாடிக்குள் அவள் முதுகு நேராக, அழகாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது. புகைப்படக்காரர் இன்னொண்ணு சொல்லவே மறந்துபோனார். அவள் நகர நகரப் பின்னாலேயே போய் எடுத்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் சட்டை கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது. கோட்டு தடித்த துணி, ஊசி இறங்க மாட்டேனென்று அடம் பிடித்தது. அதைப் போட்டு எடுத்து முடிக்கும்போது வெயில் வாசற்படிக்கு வெளியே போய்விட்டது. மீதி மூன்று உடுப்புகளும் தேய்த்த மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

முதலாளியம்மா வந்ததும் முதலில் அவற்றைத்தான் பார்த்தார்.

கிளிப்பக்கா அவர் முன்னால் வந்து நின்றாள். சுற்றி வளைக்கவில்லை. "ஆறு ஆகலம்மா. மூணுதான் ஆச்சு. மொதல்ல எடுத்ததெல்லாம் வீணாப் போச்சு. கண்ணாடியில கிளிப்பு தெரியும்னு நான் யோசிக்கல. தப்பு என்னுதுதான்."

புகைப்படக்காரர் கேமராவை நீட்டினார். முதலாளியம்மா வீணான படங்களைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு நல்ல படங்கள் வந்தன. ஒன்றொன்றாக நிதானமாகத் தள்ளினார். சாவி தேடும் படத்தில் நின்றார். முன்னே போனார், மறுபடி அதற்கே திரும்பி வந்தார். கிளிப்பக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். விரலில் குத்திய இடம் அப்போதுதான் வலித்தது.

"நம்ம கடை உடுப்போட முதுக நானே இன்னிக்குத்தான் படத்துல பாக்கறேன்" என்றார் முதலாளியம்மா கடைசியில். கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "வீடு நாளைக்கும் காலிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த கைபேசியை எடுத்துப் பேசியபடியே வெளியே போய்விட்டார்.

நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. பொறுப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. கிளிப்பக்காவுக்கு எதை நம்புவதென்று விளங்கவில்லை. கோட்டின் ஓட்டுத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

புகைப்படக்காரர் கேமராவைப் பைக்குள் வைத்து மூடினார். வாசலில் முதலாளியம்மா இன்னும் நின்று பேசிக்கொண்டுதான் இருந்தார். வழக்கமாக மறுநாள் விவரத்தை அவரிடம் போய்த்தான் கேட்பார். இன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தவளிடம் வந்தார்.

"நாளைக்கு நாங்க எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

மாடல் பெண்ணும் பதிலுக்காக அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிப்பக்கா நூலை இழுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏழே முக்காலுக்கு வந்துடுங்க" என்றாள். "தைக்க வேண்டியதெல்லாம் நான் ராத்திரியே தைச்சி வெச்சிடறேன்."