அமுதவல்லியின் பிளக் ஒயர்

அமுதவல்லி எதையும் லேசில் மறக்கிறவள் இல்லை. ஜவ்வாது மலையில் அவள் ஊர் ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. பெரிய ரோட்டைப் பிடிக்கச் செங்குத்தான ஒரு ஏற்றத்தை ஏறியே ஆகவேண்டும். அந்த ஏற்றத்தில் ஒரு பழைய ஆம்னி வேனை வைத்துக்கொண்டு, ஆறு வருஷமாக ஜனங்களைப் போளூருக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவள் அவள். டிராக்டர் ஓட்டிப் பழகிய கை. சின்னச் சின்ன ரிப்பேரையெல்லாம் தானே பார்த்துக்கொள்வாள். இஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக் ஒயர் மூன்றையும் புதிதாக மாற்றியபோது, இடம் மாறிவிடக்கூடாதென்று மகளின் நெயில் பாலிஷை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சிவப்புப் பொட்டு வைத்தாள்.

கிளட்ச் வேலை மட்டும் அவளால் ஆகாது. அதற்காகப் போளூரில் அருள்மணி என்ற மெக்கானிக்கிடம் வண்டியை இரண்டு நாள் விட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுவாரம் ஒரு ராத்திரி, அதே ஊர் ஆனந்திக்கு இடுப்புவலி எடுத்தது. அவளை ஏற்றிக்கொண்டு அமுதவல்லி கிளம்பினாள். நல்ல சாரல். பாதி ஏற்றத்தில் வண்டி திக்கித் திணறி நின்றது. எத்தனை முறை சாவியைத் திருகியும் பிடிக்கவில்லை. ஆனந்தி அங்கேயே, தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளை பெற்றாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்தச் சாமி புண்ணியம்.

விடிந்ததும் அமுதவல்லி இஞ்சினை மூடியிருக்கும் முன்சீட்டைத் தூக்கினாள். ஈரம் காய்ந்ததும் பிடித்துக்கொண்ட இஞ்சினை ஓடவிட்டு, ஒயர்களின் மேல் தண்ணீரைத் தெளித்து, கம்பளியைப் போர்த்தி இருட்டாக்கி உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். ஒயரில் இருந்த வெடிப்புகளில் நீல நீலமாகப் பொறி ஓடியது. பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. ஒன்றிலும் சிவப்புப் பொட்டைக் காணோம். படுபாவி, புது ஒயரை உருவிக்கொண்டு எந்த வண்டியிலோ கழித்துப்போட்ட குப்பையை மாட்டி அனுப்பியிருக்கிறான்.

நேரே போய்க் கேட்டாள். பட்டறையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"வண்டி நல்லாத்தாம்மா கீது. ஓட்டத் தெரிலன்னா நான் இன்னா பண்றது?" என்றான் அருள்மணி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் திரும்புவதற்குள் அந்தப் பேச்சு மலையேறி ஊருக்குள் பரவிவிட்டது. வேறு ஒயர் போட்டு வண்டியைச் சரிசெய்தும் ஒரு ஆள் ஏறவில்லை. நனைந்துகொண்டு நடந்தாலும் நடப்போம், அவள் வண்டி வேண்டாம் என்றார்கள். அமுதவல்லி வெடித்த மூன்று ஒயர்களையும் ஒரு மஞ்சப்பையில் சுருட்டி வண்டியிலேயே வைத்துக்கொண்டாள். ஒருநாள் கிடைக்காமலா போய்விடும் என்று கறுவிக்கொண்டே எட்டு மாதம் இருந்தாள்.

அந்த நாளும் வந்தது. ஆவணியில் அவள் ஊரில் ஒரு காதுகுத்து. அருள்மணியின் மனைவிக்குச் சொந்தம். குடும்பத்தோடு அவனும் தன் ஆம்னியில் வந்திறங்கினான். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்து அமுதவல்லி அவன் வண்டியின் கதவைத் திறந்தாள். பூட்டுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. சீட்டைத் தூக்கினால், மூன்று ஒயரிலும் அவள் வைத்த பொட்டு. ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் ஒன்று, அடுத்ததைக் கழற்றி அதன் இடத்தில் ஒன்று என்று வரிசை மாறாமல் அவனுடைய குப்பையை அவனுக்கே மாட்டி, தன்னுடையதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் சாரல் பிடித்தது. அருள்மணியின் வண்டி ஏற்றத்தில் பாதி ஏறி, இருமி, அதே இடத்தில் நின்றது. விருந்து முடிந்து பெரிய ரோட்டுக்கு நடந்துபோன பெண்கள் கூடிவிட்டார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஆனந்தியும் அவர்களில் இருந்தாள். அருள்மணி சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். பின்னாலேயே வந்த அமுதவல்லி வண்டியை நிறுத்தினாள்.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒயர யாரோ மாத்திட்டாங்க."

அவள் மஞ்சப்பையிலிருந்து சிவப்புப் பொட்டு வைத்த ஒயர்களை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். "இது யாரு ஒயருங்க? ஆனந்தி நிக்குது பாருங்க. அது முன்னாடி சொல்லுங்க."

திருடிவிட்டாள் என்று அவன் சொன்னால், யார் ஒயரைத் திருடினாள் என்ற கேள்வி வரும். ஆனந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவியும், யாருடையது சொல்லேன் என்று அதட்டினாள்.

"அந்தம்மாவுதுதான்" என்றான் தலை நிமிராமல். "நான்தான் கழட்டி எடுத்துக்கினேன்."

ஆனந்திதான் முதலில் பிள்ளையோடு அமுதவல்லியின் வண்டியில் ஏறினாள். பிறகு மற்றவர்கள் ஏறினார்கள். அருள்மணியின் மனைவியும் ஏறி அவர்களோடு நெருக்கி உட்கார்ந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு வண்டி நிறைந்திருந்தது. அருள்மணி நனைந்துகொண்டே வந்து கதவைப் பிடித்தான்.

அமுதவல்லி கியரைப் போட்டாள். "உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியுமே. மெதுவா ஓட்டிக்கினு வாங்க."