ஏழாவது குழியில் ஒரு கம்பளி

எங்கள் கிளப்பின் கோல்ஃப் மைதானத்தைப் பற்றித் தலைவர் சந்திரசேகர் விருந்தாளிகளிடம் சொல்வது ஒன்றுதான்: கடலோரத்துப் பழைய மைதானங்களில் காற்றோடு எப்படி மல்லுக்கட்டி ஆடுவார்களோ, ஏற்காட்டிலும் அப்படியேதான், கடல் ஒன்றுதான் குறை. நூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு துரை, தன் ஊர்க் கடற்கரையை நினைத்துக்கொண்டு, செம்மநத்தம் போகிற வழியில் ஒரு மரமும் நிற்காத மொட்டை முகட்டைத் தேடிப் பிடித்து, ஒன்பது குழி வெட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆடி மாதம் அங்கே வேட்டியோடு நிற்க முடியாது. நான் பதினெட்டு வருடமாக அந்த கிளப்பில் ரைட்டர்; கணக்கெழுதுவதும் டைப் அடிப்பதும் வேலை. அந்த ஆட்டம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, பிடிக்கவும் இல்லை.

அங்கப்பண்ணனுக்குப் பிடிக்கும். செம்மநத்தத்துக்காரர், ஐம்பத்து நான்கு வயது, இரண்டு ஏக்கரில் சாமையும் கொஞ்சம் காப்பியும். இருபத்தாறு வருடமாக கேடி வேலை. ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு, பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தான் ஒரு நாளும் அடித்துப் பார்த்ததில்லை. கேட்டால், "அதுக்குத்தான் அவுங்க இருக்கறாங்களேங்க" என்பார்.

ஏழாவது குழி முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அடிக்கிறவர்களுக்குக் கண்ணில் படாது. அதனால் கேடி ஒருவர் முன்கூட்டியே போய் அங்கே நிற்பார். பந்து வந்து நின்றாலும், ஆட்கள் மேடேறி வருவதற்குள் காற்று அதை உருட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே காற்று வருகிற பக்கம் கேடி கம்பளியை விரித்துப் பிடித்துப் பந்துக்கு மறைப்பாக நிற்க வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். இதில் அங்கப்பண்ணனை மிஞ்ச ஆளில்லை.

இருபத்தாறு வருடமும் தினக்கூலிதான். மார்கழி பிறந்தால் புல்லுக்கு ஓய்வு என்று மூன்று மாதம் மைதானத்தை மூடுவார்கள். பர்மனென்ட் ஆட்களுக்கு கிளப்புக்குள்ளேயே வேலை கொடுப்பார்கள். அங்கப்பண்ணன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போவார். ஒற்றை மூங்கில் ஏணியில் நாற்பது அடி ஏற வேண்டும். போன வருடம் அதிலிருந்து விழுந்து இரண்டு விலா எலும்பு முறிந்தது. அவர் மனைவி கிருஷ்ணம்மாளுக்குச் செய்தி வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. பர்மனென்ட் ஆனால் ஏணி கிடையாது. அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

இந்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவர் ஏழாவது குழிக்கு அடித்தார். மேடேறிப் போய்ப் பார்த்தால் பந்து குழிக்குள் கிடந்தது. ஒரே அடி. இருபத்திரண்டு வருடமாக அவர் ஏங்கிய அடி. அறுபத்தாறு வயது மனிதர் புல்லிலேயே உட்கார்ந்து அழுதாராம். பதினொரு மணிக்குள் இரண்டு ஆடு வெட்டியாகிவிட்டது.

மத்தியானம் ஹாலில் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். "தனபால், அங்கப்பனை பர்மனென்ட் பண்ணி ஆர்டர் டைப் பண்ணுப்பா. அவன்தான் கண்ணால பார்த்த சாட்சி."

அவர் மனசு மாறுவதற்குள் டைப் செய்து கொண்டுபோய் வைத்தேன். தலைவர் பேனாவைத் திறந்தார். முதலில் சாட்சிக் கையெழுத்து என்று, அடிக்கணக்கு எழுதும் ஆட்டச் சீட்டை அங்கப்பண்ணன் பக்கம் நகர்த்தினார். அவர் பேனாவை வாங்கினார், திரும்பக் கீழே வைத்தார்.

"ஏனுங்க சார், ஒன்னு சொல்லோணுங்க. பந்து குழி ஓரத்துல வந்து நின்னுக்கிச்சுங்க. நான் எப்பவும் போல கம்பளிய விரிச்சுப் புடிச்சுட்டனுங்க. அது நவுரல. உங்க தல மேட்டுல தெரிஞ்சதும் கம்பளிய எடுத்தனுங்க. காத்து தள்ளி உட்ருச்சு."

எங்கள் கிளப் விதிப்படி, விளிம்பில் வந்து நிற்கும் பந்து பத்து நொடிக்குள் விழுந்தால்தான் ஒரே அடி. அதற்கப்புறம் விழுந்தால் இரண்டாகக் கணக்கு. அந்த விதியை ஹாலில் எழுதி மாட்டியவரே தலைவர்தான்.

"எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தே?"

"ஒரு பீடி குடிக்கற நேரம் இருக்குமுங்க."

"பிடிக்காம இருந்திருந்தா?"

"அப்பவே உழுந்திருக்குமுங்க. அதுதான் எனக்கு நொம்பச் சங்கடமா இருக்குதுங்க."

அந்தக் கடைசிப் பதிலையாவது விழுங்கியிருக்கலாம். மனுஷன் அதையும் சொல்லித் தொலைத்தார். தலைவர் சீட்டில் ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். ஆர்டரை நான் எடுத்து நீட்டினேன். "பார்க்கலாம்" என்று எழுந்து போனார். கறிச்சோற்றை ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் அங்கப்பண்ணனை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுகத் திட்டினேன்.

"ஏனுங்கண்ணா, வாய மூடிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டா என்னங்க? வேற யாரு பாத்தா?"

"அவுரு உக்காந்து அழுதாரு தனபாலு. நாளைக்கு அவுரு மூஞ்சிய நான் பாக்கோணுமல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை முறுக்கினேன்.

பர்மனென்ட் ஆன சேதி மத்தியானமே யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். கிருஷ்ணம்மாள் கேசரி கிண்டி வைத்திருந்தார். அங்கப்பண்ணன் வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னார். நாலே வாக்கியம்தான். அந்தம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கேசரியைத் தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தார். அவருக்கும் கொடுத்தார். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னார்:

"மார்கழிக்கு இந்தத் தடவ நானும் வர்றனுங்க. கீழ நின்னு ஏணியப் புடிச்சுக்கறன்."