வாசலிலேயே திரும்பிய ஆவணம்

பதினோரு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள் அவள். மருத்துவமனையின் கணினிப் பிரிவில் கிடைத்த முதல் பொறுப்பு, வெளியே இருக்கும் பரிசோதனைக் கூடத்தின் ரத்த முடிவுகளை வார்டுத் திரைக்குக் கொண்டுவருவது. வெள்ளிக்கிழமைக்குள் நடக்காவிட்டால் பழையபடி காகிதம்தான். அவளும் பதிவு கவுண்டருக்குப் போகவேண்டியதுதான். மேலாளர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்.

முதல் சோதனை ஓட்டம் சந்தி சிரித்தது. கூடத்துப் புரோகிராமர் பெயர், அளவு என்று தனித்தனியாகப் பிரித்து அனுப்பவேண்டிய முழு எக்ஸ்எம்எல் ஆவணத்தையும் வெறும் எழுத்தாக ஒரே கட்டத்துக்குள் திணித்து அனுப்பியிருந்தார். அதை வாங்கிக்கொள்ள அவள் எழுதிய சேவை நிரலும் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் உள்ளே விட்டது. திரையில் சர்க்கரை 'ஆறு' என்று வந்து நின்றது.

"ஆறுன்னா என்ன அண்ணி? மில்லிமோலா, மில்லிகிராமா? மில்லிகிராம்னா ஆளு இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாரு," என்றாள் வார்டு நர்ஸ். நாத்தனார்தான், வீட்டில் மிச்சம் வைத்த கிண்டலை இங்கே தீர்த்துக்கொள்வாள்.

அன்று அவள் ஒரு வரி நிரலும் எழுதவில்லை. நாத்தனாரை உட்காரவைத்து, முடிவில் எதெல்லாம் இல்லாவிட்டால் ஊசி போடக் கை வராது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு கூடத்துக்காரருக்குப் போன் போட்டாள்.

"உங்க புரோகிராமை எப்படி வேணா எழுதுங்க சார். நடுவுல போற ஆவணம் எப்படி இருக்கணும்னு முதல்ல பேசி முடிப்போம்."

"எழுதி வச்சுட்டா அப்புறம் மாத்த முடியாதே மேடம்?"

"மாத்தலாம். சொல்லிட்டு மாத்துங்க. அதுக்குத்தான் வெர்ஷன் நம்பர்."

சோதனையின் பெயர், அலகு, ரத்தம் எடுத்த நேரம் எல்லாம் கட்டாயம் என்று இருவரும் சேர்ந்து வடிவ விதி எழுதினார்கள். பொருந்தாததைச் சேவை வாசலிலேயே திருப்பிவிடும்.

வெள்ளிக்கிழமை வார்டில், மேலாளரும் நாத்தனாரும் பின்னால் நிற்க, முதல் ஆவணமே திரும்பிப் போனது. திரை காலி.

"என்னம்மா, இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

ஏன் திரும்பியது என்று பார்க்க அவள் பதிவைத் திறக்கப் போனாள். அதற்குள் கூடத்திலிருந்து போன்.

"மேடம், பதினேழாவது வரியில யூனிட் இல்லைன்னு உங்க சேவை திருப்பி அனுப்பிருச்சு. நிஜமாவே இல்ல, நான்தான் விட்டுட்டேன். அஞ்சு நிமிஷம் கொடுங்க."

மூன்றே நிமிஷத்தில் அலகும் நேரமுமாக முடிவு திரையில் வந்தது.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "போன தடவை இதே தப்பு கமுக்கமா உள்ள வந்துச்சு, இல்ல?"

"ஆமா சார்."

"எக்ஸ்ரே பிரிவை எப்ப சேர்க்கலாம்?"

"முதல்ல அவங்களோட ரெண்டு நாள் உட்கார விடுங்க," என்றாள் அவள். நாத்தனார் இதற்கெல்லாம் நிற்கவில்லை. சர்க்கரை அளவைப் படித்த கையோடு நோயாளியின் கட்டிலுக்குப் போய்விட்டிருந்தாள்.