இங்கே மஃப்ளர் கழற்றப்படும்

எக்ஸோஸ் கடைக்கு, அதாவது வண்டிப் புகைக்குழாய்க் கடைக்கு, வருகிறவர்கள் இரண்டே ரகம்: வண்டிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறவர்கள், கூட்டச் சொல்கிறவர்கள். இரண்டு பேருமே மறுநாள் திரும்பி வந்து நம்மைத்தான் திட்டுவார்கள். சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் இதே கதிதான் என்று எனக்குத் தெரியும்.

கூலிம் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் வெல்டிங் பார்த்துவிட்டு, ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஓடி அலுத்துப்போய், குருண் டவுனில் இந்தக் கடையைப் போட்டேன். எதிரே ராஜு அண்ணன் பட்டறை, ஊரறிந்த பழைய கடை. நான் பெயர்ப்பலகை மாட்டிய அன்றே அவர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: “துருப்பிடிச்ச நட்டு பொம்பள கைக்கு அசையுமா லா? மூணு மாசம் தாண்டாது பாரு!”

அந்த மூன்று மாதத்தைத் தாண்டுவதுதான் எனக்கு உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. ஃபேக்டரிக்குத் திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை. அதுவும் தோற்றுப்போய்த் திரும்புவதற்குச் சுத்தமாக இஷ்டமில்லை.

மண்டோர் குரல்

முதல் வாடிக்கையாளர் சுங்கை லாலாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மாரியப்பன். ராஜு அண்ணன் கல்யாணத்துக்குப் போய்விட்டதால்தான் என்னிடம் வந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. சொந்த பிக்கப்பின் சத்தம் அடக்கும் மஃப்ளரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட வேண்டுமாம். ரோட்டில் ஓட்டினால் போலீஸ் அபராதச் சமன் வரும் என்றேன். தோட்டத்துக்குள்ளே மட்டும்தான் என்று சத்தியம் செய்தார்.

உரமூட்டை ஏற்றுகிற வண்டியின் துரு சாதாரணத் துரு இல்லை. உரம் மழையில் கரைந்து ஒழுகி, நட்டும் போல்ட்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகளாகிவிடும். ஃபேக்டரியில் நான் புது இரும்பை ஒட்டியவள். பழைய இரும்பைப் பிரித்துப் பழக்கமில்லை. வீம்புக்குப் பலம் கொடுத்துத் திருகினேன். ஒரு போல்ட்டு ஒடிந்தது. இன்னொன்றும் ஒடிந்தது. ஒடிந்ததைத் துளைத்தெடுத்து, புது போல்ட்டு போட்டு முடிக்க ஒரு பகல் முழுக்கப் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாரியப்பனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. சாவியைத் திருப்பினார், தெருவே அதிர்ந்தது, அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“இப்பத்தான் லா இந்த வண்டிக்கு மண்டோர் குரல் வந்திருக்கு!”

சாமி மாடத்திலிருந்து

அந்த ஒடிந்த போல்ட்டுகளை மறக்க முடியவில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து துருப்பிடித்த குழாய்களை அள்ளி வந்து ஒரு வாரம் பரீட்சை வைத்தேன். எண்ணெய் ஊற்றினேன், வினிகர் ஊற்றினேன். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் நட்டைச் செக்கச்செவேலென்று சூடாக்கி, சிவப்பு அடங்கியதும் வீட்டுச் சாமி மாடத்திலிருந்து எடுத்த மெழுகுவர்த்தியை வைத்து அழுத்தினேன். மெழுகு உருகி நட்டின் திருகு மரைக்குள்ளே இறங்கியது. ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால், என்னமோ நேற்றுத்தான் மாட்டிய மாதிரி கழன்று வருகிறது!

வீட்டு மெழுகுவர்த்தியெல்லாம் இப்படிக் காணாமல் போனதற்கு என் கணவர் சொன்னது: “கரண்டு போனா இனி உன் வெல்டிங் வெளிச்சத்துலதான் சாப்பிடணும் போல.”

கறிக்கடை

கழற்றிய மஃப்ளரை ராஜு அண்ணன் அன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார். நான் போடமாட்டேன். சொந்தக்காரர் பெயரைச் சாக்பீஸால் எழுதி, பின்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவேன். சத்தம் கேட்டு ஆசைப்பட்டவர்கள் சத்தம் கேட்டே அலுத்துத் திரும்புவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. குழாய் ஓட்டையை அடைக்க வந்த ஒருவர் அந்தச் சுவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அக்கா, இது எக்ஸோஸ் கடையா, கறிக்கடையா?”

ஒரு பை முறுக்கு

ஒரு நாள் பாக்கியம் அக்கா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மாரியப்பன் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர். முன்பின் தெரியாத என் கையில் ஒரு பை முறுக்கைத் திணித்தார். விஷயம் இதுதான்: மண்டோர் வண்டி பாலத்தில் திரும்பும்போதே கடைசி மர நிரை வரைக்கும் சத்தம் கேட்கிறது. தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எழுந்து, அவர் வந்து சேர்வதற்குள் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். தன் கண்காணிப்பில் ஒருத்தர்கூட உட்காருவதில்லை என்று அவர் ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டிருந்தாராம்.

“அந்த மஃப்ளர மாட்டணும்னு அவரு வந்தா, தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடு தாயே!”

ஆணியிலிருந்து இறங்கியது

பாவம் பாக்கியம் அக்கா, அவர் கேட்டதை என்னால் செய்ய முடியவில்லை. தோட்ட மேனேஜர் ஒரு நாள் சத்தமில்லாத காரில் மண்டோருக்கு முன்னால் போய், மொத்தக் கும்பலும் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். மறுநாள் மாரியப்பன் தலையைத் தொங்கப்போட்டு வந்து, பழையபடி மஃப்ளரை மாட்டச் சொன்னார். சுவரைக் காட்டினேன். தன் பெயரைப் பார்த்ததும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்னோடதேவா? ராஜுகிட்ட குடுத்திருந்தா இந்நேரம் அது வேற ஊருல தண்ணி அள்ளுற பால்டி ஆயிருக்கும் லா!”

இரண்டு பிக்கப், இரண்டு கடை

மூன்றாம் மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. தோட்டத்துப் பிக்கப் பதினொன்றும் வருடப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அத்தனையிலும் மஃப்ளர் ஓட்டை. கழற்றிப் புதுசு போடணும், ஆனால் போல்ட்டு ஒடியக்கூடாது. மேனேஜர் யாரிடம் கொடுப்பது என்று கேட்க, மாரியப்பன் என் பெயரையும் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஆளுக்கு ஒரு வண்டி, ஒடிக்காமல் கழற்றுகிறவருக்கே மிச்ச வண்டியெல்லாம் என்று முடிவாயிற்று.

மாரியப்பன் ராஜு அண்ணன் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், இரண்டு பட்டறையும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். எதிரே ராஜு அண்ணன் ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினார். ‘டக்’. ஒன்று ஒடிந்தது. நான் நட்டைச் சூடாக்கி, சிவப்பு அடங்கக் காத்திருந்து, மெழுகை வைத்தேன். எதிரே மறுபடி ‘டக்’. நான் திருப்பினேன். முதல் நட்டு, இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் ஸ்பேனர் பட்டதுமே சுழன்று வந்தன. மஃப்ளரைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ரோட்டைக் கடந்து மாரியப்பன் மேசைமேல் வைத்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தை நான் கொஞ்சமும் மறைக்கவில்லை. நடுரோட்டில் குதித்தேன்.

பதினொன்றும் எனக்கே வந்தன, ராஜு அண்ணன் ஒடித்ததும் சேர்த்து. மூன்றாம் மாதத்தின் கடைசி நாள் அவர் முதன்முதலாக ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலை இறக்கிக் கேட்டார்:

“செல்விமா, அந்த மெழுகுவத்தி எந்தக் கடையில வாங்குன?”

ஆக, பதினொரு பிக்கப்பின் சத்தத்தை நான் கூலி வாங்கி அடக்கினேன், எதிர்க்கடைச் சத்தம் மட்டும் இலவசமாக அடங்கியது.