ஐந்தாம் பத்து யாருடையது

ஒக்டோபர் வந்தால் எங்கள் தேவாலயப் பங்கில் மாதா வீடு வீடாகப் போவார். ஒரு வீட்டில் ஒரு நாள். பின்னேரம் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லி, கடலையும் வடையும் சாப்பிட்டபின், அடுத்த வீட்டார் மாதா சிலையை, எங்கள் சொல்லில் சுருவத்தை, வாங்கிக்கொண்டு போவார்கள். பத்துப் பத்து மணியாக வருகிற செபமாலையில் கடைசியான ஐந்தாம் பத்தை முன்னின்று சொல்வதும் அந்த வாங்கிப்போகிற வீட்டார்தான். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் நான் மொன்றியலுக்கு வந்த காலம் தொட்டு யாரும் மீறியதுமில்லை.

செயின்ட்-மிஷேலில் என் வீட்டுக்கு அடுத்த முறை மச்சாளுடையது. மச்சாள் என் கணவரின் அக்கா. தனியாக நின்று ஒரே மகனை வளர்த்தவர். மகன் இப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியில் படிப்பிக்கிறான். போன வருடம் அவன் இன்னொரு ஆணைக் கலியாணம் முடித்தான். பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இடத்தில், ஊருக்கே கேட்கும்படி மச்சாள் தானே அதைச் சொன்னார். "என்ர மோன் கலியாணம் முடிச்சிட்டான். பெடியன் இஞ்சத்தைப் பெடியன். நல்ல பிள்ளை." என்ன நெஞ்சுரம் அந்த மனுசிக்கு! எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. மற்றவர்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாதா வரும் முறையைப் பார்க்கிற பங்குச் சபைக்காரர் இந்த வருடம் மச்சாள் வீட்டுக்குப் போனார்.

"அக்கா, மாதா வாற அண்டைக்கு மோனும் அந்த ஆளும் வராம இருந்தா நல்லம். சனம் ஒரு மாதிரிக் கதைக்கும்."

"கதைக்கட்டும் தம்பி. மோன் நிப்பான்."

"அப்ப பேந்து பாப்பம்."

அவர் பிறகு பார்த்த லட்சணம் என்னவென்றால், என் வீட்டில் செபமாலை நடக்க இருந்த அன்று காலை எனக்குப் போன் எடுத்தார். மச்சாள் வீட்டை விட்டுவிட்டு மாதா நேரே இல்-பிசாரில் இருக்கிற வீட்டுக்குப் போகட்டுமாம். அவர்களுக்கு இவ்வளவு தூரம் வர வசதியில்லையாம், தானே காரில் கொண்டுபோவாராம். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பங்குச் சுவாமியாரே ஒரு சொல் சொல்லவில்லை, இவருக்கு என்ன வந்தது? கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்!

உடனே மச்சாளுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அவர் கத்தவில்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "என்ர வீட்டில, மாதாவுக்கு முன்னால, என்ர பிள்ளையோட ஒருக்கா முழந்தாளில இருக்கவேணும். வேறயொண்டும் நான் கேக்கேல்லை" என்றார். பிறகு, "சரி, பின்னேரம் வாறன்" என்றார்.

வந்தார். நல்ல சேலை உடுத்து, மகனையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மருமகன் பெடியன் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, நீளக் கால்களை எப்படி மடக்குவதென்று தெரியாமல் மடக்கி, மச்சாளுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தான். மற்றவர்கள் தள்ளித் தள்ளி இருந்ததில் அந்தப் பாயில் அவர்கள் மூவரும் மட்டும்தான். நான்கு பத்தும் முடிந்தன. ஐந்தாவதைத் தானே தொடங்கப் பங்குச் சபைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, அஞ்சாம் பத்து எங்கட" என்றார் மச்சாள். பிறகு மகனின் முழங்காலைத் தொட்டு, "சொல்லு மோன்" என்றார்.

கதைக்கும்போது அவனுக்குத் தமிழ் தடக்கும். செபம் தடக்கவில்லை. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி, தன் பாதியைச் சொல்லி நிறுத்தினான். மற்றப் பாதி கூட்டத்துடையது. கூட்டம் வாய் திறக்கவில்லை. மச்சாளும் நானும் என் கணவரும்தான் சொன்னோம். நான் வேண்டுமென்றே பலத்துச் சொன்னேன்.

அவன் அடுத்ததைச் சொன்னான். மூலையிலிருந்து ஒரு கிழவரின் குரல் சேர்ந்தது. அதற்கடுத்ததில் இன்னும் சிலர். பேச்சு வந்த நாளிலிருந்து செபமாலை சொன்ன வாய்கள் அவை. முதற்பாதி காதில் விழுந்தால் மறுபாதி தானாக வரும், பூட்டிவைக்க முடியாது. நான் மாதாவைப் பார்க்கவில்லை. வெட்கமில்லாமல் பங்குச் சபைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி மணிகளில் அதுவும் அசைந்தது. "பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக" என்று மச்சாளின் மகனுக்கு மறுமொழி சொன்னார்.

செபம் முடிந்ததும் அவர் மாதாவைக் கொண்டுபோகக் கார்த் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு எழும்பினார். நான் சுருவத்தைத் தூக்கி மச்சாளிடம் கொடுத்தேன். மச்சாள் அதன் பாதத்தில் உதடு வைத்து முத்திசெய்து மகனின் கையில் கொடுத்தார். வெளியே மழை. மருமகன் குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

மச்சாள் பங்குச் சபைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"தம்பி, பிள்ளையளின்ர கையில மாதா. அந்தக் கதவை ஒருக்காத் திறந்துவிடுங்கோ."

அவர் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். மூவரும் படியிறங்கி முடியும்வரை, மழை தன் மேல் அடிக்க அடிக்க, கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.