பட்டியலில் இல்லாத பத்து நிமிடம்

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் வேலை பார்க்கும் சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு மாத்து அக்கா என்று பெயர். பதினேழு வருடமாக அதே பெயர். சம்பளச் சீட்டில் ரிலீவர் என்று போட்டிருக்கும்.

அது என்ன வேலை என்று கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீளமான பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் உயரமான ஸ்டூல்களில் எட்டுப் பெண்கள். சோப்பை எடுத்து உறையில் போடுகிறார்கள், உறையை அட்டைப் பெட்டியில் அடுக்குகிறார்கள். பெல்ட் நிற்காது. யாராவது தண்ணீர் குடிக்கவோ பாத்ரூம் போகவோ எழ வேண்டுமென்றால் அக்கா வந்து தோளைத் தொட வேண்டும். தொட்டால்தான் இடத்தை விடலாம். தொட்டதும் அந்தப் பெண் ஒரு பக்கமாக நழுவுவாள், அக்கா இன்னொரு பக்கமாக உட்காருவாள். நடுவில் ஒரு சோப்புகூடக் கீழே விழாது. பத்து நிமிடம் கழித்து அந்தப் பெண் வந்து அக்காவின் தோளைத் தொடுவாள். அக்கா எழுந்து அடுத்த ஸ்டூலுக்குப் போவாள்.

எட்டு ஸ்டூலிலும் உட்காரத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கென்று ஒரு ஸ்டூல் கிடையாது. எட்டுப் பேரையும் மாற்றி முடித்தால் அவளுக்கும் பத்து நிமிடம் உண்டு என்பது பேச்சு. அதற்குள் முதல் பெண் மறுபடி கையைத் தூக்கிவிடுவாள்.

“உங்களுக்கு எப்பக்கா ஓய்வு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உக்காந்துதானே வேலை செய்யறேன் சின்னவ. அதுக்கு மேல என்ன ஓய்வு,” என்றாள்.

மூன்று வருடம் லீவே எடுக்காதவர்களுக்கு இந்த முறை தொழிற்சாலையில் ஒரு பரிசு கொடுத்தார்கள். நான்கு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய்வர டிக்கெட், அங்கேயே இரண்டு இரவு தங்க அறை. அக்காவின் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அவரை நான் அத்தான் என்பேன். அவர் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “லீவு எடுக்காததுக்கு லீவு பரிசாம். மூணு வருஷம் பட்டினி கிடந்தா ஒருவேளை சாப்பாடு போடுவாங்க போல,” என்றார்.

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாததால் வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவோம். டிக்கெட்டோடு வந்த படத்தாளை அவள் பாய் மேல் விரித்துப் போட்டு முழுவதும் பார்த்தாள். உயரமான ராட்டினத்தையும் தண்ணீர்ச் சறுக்கையும் விட்டுவிட்டு, ஒரு மூலையில் சின்னதாக இருந்த படத்தில் விரலை வைத்தாள். குகைக்குள் போகும் படகு. உள்ளே இருட்டாக இருக்கும், மேலே சின்னச் சின்ன விளக்குகள் மட்டும் எரியும்.

“இதுல நீயும் நானும் மட்டும் போகணும்மா.”

“போவோம்.”

“ஆண்டு விழாவுக்கு வர்றேன்னு சொன்ன. பொருட்காட்சிக்கு வர்றேன்னு சொன்ன. எனக்குக் காது குத்தினப்ப சாயங்காலமே வந்திருவேன்னு சொன்ன.” பட்டாணி ஒவ்வொன்றாக விரலை மடக்கினாள். அழவில்லை, கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னாள்.

அக்கா அந்த விரல்களைக் கைக்குள் பிடித்துக்கொண்டாள். “இந்தத் தடவை வருவேன். வரலைன்னா இனிமே என்கிட்ட எதுவும் கேக்காத.”

“சரி, கேக்க மாட்டேன்,” என்றாள் பட்டாணி.

அவள் அதைச் சட்டென்று ஒப்புக்கொண்ட விதம் அக்காவுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். பிடித்திருந்த கையை அவள் விடவில்லை.

பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை, அறையில் ஒரு பழைய சோப்பு அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் உட்பக்கத்தில் அக்கா பட்டியல் போட்டாள். ஒரு மணி நேரம் சுற்றுவது, இருபது நிமிடம் உட்காருவது. எந்த நேரத்தில் எது, யார் ஏறுவது, யார் உட்காருவது என்று கோடு போட்டு எழுதினாள். அத்தானுக்கு முட்டி வலி. என் கணவருக்கு உயரத்தில் தலைசுற்றும். என் பையனுக்கு மூன்று வயது, மூன்றரை மணிக்குள் தூங்காவிட்டால் ஊரைக் கூட்டுவான். எனக்கு வெயில் ஆகாது. எல்லாமே அதில் இருந்தது.

“சோப்பு மாதிரி எங்களையும் பெட்டியில அடுக்கிருவீங்க போலிருக்கே அண்ணி,” என்றார் என் கணவர்.

“அடுக்கலைன்னா கொட்டிருவீங்க,” என்றாள் அக்கா.

அந்த அட்டையை நான் வாங்கிப் படித்தேன். உட்காருகிறவர்கள் வரிசையில் எங்கள் ஐந்து பேரும் மாறி மாறி வந்தோம். அக்கா ஒரு இடத்திலும் இல்லை. பையைப் பார்த்துக்கொள்வது என்ற வரிசையில் மட்டும் மேலிருந்து கீழ்வரை அவள்தான். கடைசி வரியில் நாலு மணி, படகு, நானும் பட்டாணியும் என்று எழுதியிருந்தது. அதற்கு நேரே பையைப் பார்ப்பது யார் என்ற இடம் காலியாக இருந்தது.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தான் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பூங்காவின் கதவு திறந்ததும் அக்கா முதலில் தேடியது ஒரு பெஞ்சு. குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், தகரக் கூரைக்கு அடியில் ஒன்று கிடைத்தது. ஐந்து பைகளையும் அதன் மேல் வரிசையாக வைத்தாள். “இதை விட்டா நாள் முழுக்க நிக்கணும்,” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். பத்து மணிக்கெல்லாம் அந்தப் பக்கத்தில் நிழல் என்று இருந்த இடத்தில் எல்லாம் ஆட்கள். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தகப்பன்மார்கள் சுவர் ஓரமாகச் சாய்ந்து நின்றார்கள். நாங்கள் மட்டும் சொந்த வீட்டுக் கூடத்துக்கு வருவதுபோல வந்து உட்கார்ந்து, முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டுப் போனோம்.

வரிசைகளிலும் அக்காதான் நின்றாள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அவள் முன்னாலேயே போய் வெயிலில் நிற்பாள். கம்பிக் கதவு நெருங்கும்போது கையைத் தூக்குவாள். நாங்கள் போய் அவள் தோளைத் தொட்டதும் நழுவி வெளியே வந்து, பையைப் பார்க்கத் திரும்பி நடப்பாள். ஒருமுறை பின்னால் நின்ற ஆள் கோபப்பட்டார்.

“ஏம்மா, ஒருத்தர் நின்னு மூணு பேரை உள்ள விடறீங்களே, நியாயமா?”

“நான் போயிடறேன்ல சார். ரெண்டு பேர்தான் கூடுதல். அதுலயும் ஒண்ணு பட்டாணி. கணக்குல வராது,” என்றாள் அக்கா. அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மதியத்துக்குள் நாங்கள் ஏழு விளையாட்டு ஏறியிருந்தோம். அத்தான் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, “இவ்வளவு சுத்தியும் முட்டி வலிக்கவே இல்லையே. இந்தக் காத்துதான் காரணம்,” என்றார். அக்கா அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் புடவையின் முதுகுப்பக்கம் வியர்வையில் ஒட்டியிருந்தது. குதிகால் வலித்தால் அவள் ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்பாள். அன்று அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குப் பட்டாணி, “எப்பம்மா படகு?” என்று கேட்டாள். நாலு மணி என்றாள் அக்கா. ஒரு மணிக்கு மறுபடி கேட்டாள். மூன்று மணிக்குக் கேட்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. குழாயடியில் காலைக் காட்டி நனைத்துக்கொண்டு தனியாக நின்றாள்.

மூன்றரைக்கு என் பையன் அக்காவின் மடியில் தூங்கிப்போனான். அத்தானும் என் கணவரும் ரோலர் கோஸ்டர் பார்க்கப் போனார்கள். ஏறுவதற்கு இல்லை, கத்துகிறவர்களைப் பார்ப்பதற்கு. நான் பட்டாணியைக் கூட்டிக்கொண்டு சின்ன ரயிலில் ஒரு சுற்றுப் போனேன். வழியில் படகுத் துறையைக் கடந்தோம். கடைசிப் படகு நாலே முக்கால் என்று பலகை தொங்கியது. பட்டாணி அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாங்கள் திரும்பியபோது மணி நாலு பத்து. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாயவில்லை. முதுகு நேராக, பெல்ட்டின் முன்னால் உட்காருவது போலவே உட்கார்ந்தபடி தூங்கினாள். ஒரு கை என் பையனின் வயிற்றின் மேல் இருந்தது. மறு கையை ஐந்து பைகளின் வாரிலும் நுழைத்து வைத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் அவள் தூங்கிப் பார்த்ததில்லை. எங்களுக்கு முன்னால் எழுந்துவிடுவாள், எங்களுக்குப் பிறகுதான் படுப்பாள். கண் மூடிய அந்த முகம் என்னைவிட இருபது வயது மூத்த யாருடையதோ போல் இருந்தது.

ஆண்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். அத்தான் குரலைத் தாழ்த்தினார். “விடு, தூங்கட்டும். மூணு வருஷத் தூக்கம். பட்டாணி, வா, படகுக்கு அப்பா கூட்டிட்டுப் போறேன்.”

“வேண்டாம்பா. எனக்குப் போகணும்னு இல்லை.”

பட்டாணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பின் வாரைக் கழற்ற ஆரம்பித்தாள்.

“பாத்தியா, எவ்வளவு பெரிய மனசு,” என்றார் அத்தான்.

எனக்கு அது பெரிய மனசாகப் படவில்லை. அன்றைக்குப் பாயில் உட்கார்ந்து, சரி, கேக்க மாட்டேன் என்றாளே, அதே குரல். இனி அவள் கேட்கவே மாட்டாள் என்று தோன்றியது. அக்கா கண் விழித்து, மணியைப் பார்த்து, இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். அப்போது இந்த அரை மணித் தூக்கம் அவளுக்கு எப்படி இருக்கும். அக்காவின் முகத்தையும் பார்த்தேன். அந்தத் தூக்கத்தைக் கலைக்கவும் மனம் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். நாலே கால் ஆகிவிட்டது.

பட்டியலில் இருந்த அந்தக் காலி இடத்தை நேற்றே பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். பை வார்களுக்குள் என் கையை நுழைத்தேன். பையனின் தலைக்கு அடியில் என் தொடையைக் கொடுத்தேன். பிறகு அவள் தோளைத் தொட்டேன்.

அக்கா உடனே நழுவி எழுந்து நின்றாள். கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

“எந்த ஸ்டூல்?” என்றாள்.

அத்தான் சிரிக்கத் தொடங்கினார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

“ஸ்டூல் இல்லைக்கா, படகு. நாலே முக்காலுக்குக் கடைசிப் படகு.”

அவள் என் பையனைப் பார்த்தாள். அவன் விழிக்கவில்லை. “பை?” என்றாள்.

“நான் பாத்துக்கறேன்.”

“அந்த நீலப் பை ஜிப் சரியில்ல. தண்ணி பாட்டில்…”

“எனக்குத் தெரியும்க்கா. நீங்க போங்க.”

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா மகளின் முன்னால் போய் நின்றாள். “வாரைக் கட்டு,” என்றாள். பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், அவசரப்படாமல் வாரைக் கட்டினாள். பத்தடி தூரம் அம்மாவோடு நடந்தாள். அப்புறம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அக்கா காலை விந்தி விந்திப் பின்னால் ஓடினாள்.

படகு ஒரு சுற்றுப் போய்வரப் பன்னிரண்டு நிமிடம் என்று பலகையில் போட்டிருந்தது. ஐந்து மணி ஆயிற்று. ஐந்தே கால் ஆயிற்று. பெருக்குகிறவர்கள் வந்து பெஞ்சுக்கு அடியில் துடைப்பத்தை நீட்டினார்கள். என் தொடை மரத்துப்போயிருந்தது. உட்கார்ந்து பார்த்துக்கொள்வதும் களைப்புதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒருவழியாக வந்தார்கள். அக்காவின் ஒரு பக்கத் தலைமுடி அமுங்கியிருந்தது. கன்னத்தில் பட்டாணியின் சட்டை மடிப்பு கோடாக விழுந்திருந்தது. பட்டாணி தன் இடது தோளை வலது கையால் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

“எப்படி இருந்துச்சு அண்ணி?” என்றார் என் கணவர்.

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு அக்கா மகளைப் பார்த்தாள்.

“அம்மா ஏறினதுமே தூங்கிட்டாங்க சித்தப்பா,” என்றாள் பட்டாணி. “என் தோள் மேலயே. இறங்கற இடத்துல படகுக்காரர் எழுப்ப வந்தார். தொடாதீங்க, தொட்டா எழுந்திருவாங்கன்னு சொன்னேன். கடைசிப் படகுதானேன்னு இன்னொரு சுத்து விட்டார்.”

“நீயாவது பாத்தியா?”

“நான் எல்லாத்தையும் ரெண்டு தடவை பாத்தேன். அசைஞ்சா முழிச்சிருவாங்கன்னு அசையாம பாத்தேன். தோள்தான் இப்ப என்னோடது மாதிரியே இல்லை.”

அக்கா அவள் கையை விலக்கிவிட்டுத் தானே அந்தத் தோளைத் தேய்த்தாள். “வந்தும் வராத மாதிரி ஆயிடுச்சே பட்டாணி.”

“வந்தியேம்மா,” என்றாள் அவள். நாலு அடி நடந்த பிறகு, “அடுத்த மாசம் எங்க ஆண்டு விழா. நான் டான்ஸ்ல இருக்கேன். வர்றியா?” என்று கேட்டாள்.

அக்காவின் கை நின்றது. “என்னைக்கு?”

“வெள்ளிக்கிழமை. மத்தியானம்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெல்ட் ஓடும். அக்கா கீழே பார்த்துக்கொண்டே நடந்தாள். எட்டு ஸ்டூலையும் மனதில் எண்ணுகிறாள் என்று நினைத்தேன். வழக்கமாக இந்த இடத்தில் அவள், வர்றேன் என்று சொல்லிவிடுவாள்.

“எனக்கு யாரு மாத்துன்னு கேட்டுப் பாக்கறேன்,” என்றாள்.

“சரி, கேட்டுட்டு சொல்லு,” என்றாள் பட்டாணி.

வாசலை நோக்கி மெதுவாகப் போனோம். பைகளுக்காக அக்கா கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. இரண்டை அத்தானிடம் நீட்டினேன். அவர் வாங்கி இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தார்.

“இப்பதாம்மா முட்டி வலிக்குது,” என்றார்.

அக்கா நடந்துகொண்டே கொட்டாவி விட்டாள்.